நாரை போட்ட பாட்டில்

இடது கை சாக்கின் வாயை முறுக்கிப் பிடித்திருந்தது. வலது கை மரச்சுத்தியலை உயர்த்தி இறக்கியது. முதல் அடியில் பாட்டிலின் தோள் உடையும். அந்தச் சத்தம் மந்தமாக, உள்ளுக்குள் அமுங்கி வரும். அடுத்த அடி கழுத்துக்கு. அது சுள்ளென்று கேட்கும். பிறகு கை சாக்கின் மேலாகவே தடவிப் பார்க்கும். உருண்டையாக எதுவும் தட்டுப்பட்டால் சுத்தியல் மறுபடி இறங்கும். எல்லாம் மணல் மாதிரி நெகிழ்ந்த பிறகுதான் முறுக்கு தளரும்.

கட்கி பஜாரின் பின்தெருவில் இருக்கும் பர்மிட் ரூம் என்ற மதுக்கடையில் இதுதான் காலையின் முதல் வேலை. விலை உயர்ந்த சரக்கின் காலிப் பாட்டில் எதுவும் முழுசாக அந்தக் கடையை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் அது ஏதோ ஒரு கொட்டகையில் மலிவுச் சரக்கை வயிற்றில் வாங்கிக்கொண்டு அதே முகத்தோடு திரும்பி வரும். சாதாரண பாட்டில்களைப் பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவிடம் அப்படியே எடைக்குப் போடலாம். சீமைச் சரக்கு என்றால் உடைத்துத்தான் கொடுக்க வேண்டும். இந்த விதியைக் கடைக்குக் கொண்டுவந்தவரும் அதைக் காப்பவரும் ஒருவரே. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரரான ஜெகதீசன்.

அவருடைய உடம்பைப் பார்த்தே அவர் கதையைச் சொல்லிவிடலாம். வலது புருவத்தைப் பிளந்து போகும் வெள்ளைக் கோடு சோடா பாட்டில் போட்டது. கிரிக்கெட் இறுதி ஆட்டத்தில் நம் அணி தோற்ற நாளில் இரண்டு மேஜைக்காரர்கள் மோதிக்கொண்டபோது நடுவில் போனதற்குக் கிடைத்தது. கீழ்வரிசையில் பல் இல்லாத இடம் ஒரு நாற்காலிக் கால் செய்த வேலை. முழங்கைக்குக் கீழே நீளமாக ஓடும் தழும்புதான் எல்லாவற்றிலும் பெரியது. அதிலிருந்துதான் அவருடைய தொழிலே தொடங்கியது.

அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து மராத்தி பேசும் கட்கிக்கு வந்து வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். மகனுக்கும் அங்கே இடம் கிடைக்கும் என்று நம்பினார், கிடைக்கவில்லை. ஜெகதீசன் பர்மிட் ரூமில் கிளாஸ் கழுவப் போனார். ஒருநாள் மதியம், ஒரு கூட்டம் விலை உயர்ந்த ஸ்காட்ச் கேட்டுக் குடித்தது. பாதியில் அதிலே ஒருவன் வாந்தியெடுத்தான். சரக்கு டூப்ளிகேட். கடைக்காரருக்கே தெரியாமல் எங்கிருந்தோ வந்து சேர்ந்த பாட்டில் அது. அவர்கள் கடைக்காரரின் தாடையை உடைத்தார்கள். தடுக்கப் போன ஜெகதீசனின் கையை அதே பாட்டிலின் உடைந்த பாதியால் கிழித்தார்கள். தாடையில் கம்பி வைத்துக் கட்டிக்கொண்டு திரும்பிய முதலாளி, பேச முடியாமல், பாட்டிலையும் ஜெகதீசனின் மூக்கையும் மாறி மாறிக் காட்டினார். இனி எதையும் நீ மோந்து பார்த்துத்தான் திறக்க வேண்டும் என்று அர்த்தம்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கழுவ வரும் கிளாஸ்களில் மிஞ்சியதை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மோந்து பார்த்தே கற்றுக்கொண்டார். சாராயத்தின் காரம் முதலில் பறந்துவிடும். அது போகக் காத்திருக்க வேண்டும். அதற்கப்புறம் தானியம் பேசும், கடைசியாக மரம். வெல்லப்பாகிலிருந்து காய்ச்சியது எத்தனை வேஷம் போட்டாலும் கையில் கருகின வெல்லமாகத்தான் நிற்கும். நாக்கில் தொட்டுப் பார்ப்பார், துப்பிவிடுவார், விழுங்க மாட்டார். விழுங்கினவனுக்கு இரண்டாவது கிளாசில் எல்லாச் சரக்கும் நல்ல சரக்குதான் என்பார்.

போகப் போக கட்கியிலும் பக்கத்துப் பிம்ப்ரியிலும் சரக்கு வாங்கிச் சந்தேகப்பட்டவர்கள் அவரிடம் பாட்டிலோடு வந்தார்கள். அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு கான்ட்ராக்டர், தன் பாட்டிலைப் போலி என்று சொன்னதற்காக எல்லார் முன்னாலும் அறைந்தான். அறை வாங்கிக்கொண்டு மறுபடி மோந்து பார்த்துவிட்டு, போலிதான் என்றார்.

அந்த ஜூலை மாதக் காலையில் சாக்கைக் கட்டி முடிக்கும் முன்பே ஷட்டருக்கு அடியில் குனிந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவன் அம்பி. அவனும் கட்கியின் தொழிலாளர் லைனில் பிறந்த தமிழன்தான். அவன் அப்பாவும் அதே தொழிற்சாலை. இப்போது பிம்ப்ரியில் கட்டடம் கட்டும் சுனில் பாவூவுக்கு வலது கை; பாவூ என்றால் மராத்தியில் அண்ணன். பாவூ கட்டிய கட்டடங்களைவிட அவர் ஆட்கள் உடைத்த எலும்புகள் அதிகம் என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு.

அம்பி, பாவூ கூப்பிடுகிறார், எழுந்து வா என்றான். ஜெகதீசன், சாக்கில் ஒரு கழுத்து பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றார். அம்பி அவருடைய வாயில் குத்தினான். கீழுதடு பல்லில் பட்டுப் பிளந்தது.

"உன் மச்சான் அங்கதான் கீறான்," என்றான். "சீக்கிரம் வந்தா முழுசா பாக்கலாம்."

மச்சான் என்றால் கோவிந்தராஜ். ஜெகதீசனின் மனைவி பாமாவுக்குத் தம்பி. ஆகுர்டியில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்களிடம் சீமைச் சரக்கு வாங்கிக் கைமாற்றி விடுவது அவனுடைய உபதொழில். விட்டுவிடச் சொல்லி பாமா எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள்.

பாவூவின் சைட் ஆபீஸ், பாதி எழும்பி நின்ற ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. மழைத்தண்ணீர் மேல்தளத்திலிருந்து கம்பிகள் வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. கோவிந்தராஜை பிளாஸ்டிக் நாற்காலியில் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. இடது கைச் சுண்டுவிரல் புறங்கைப் பக்கமாக மடங்கிக் கிடந்தது. வலது கை இன்னும் சேதமாகவில்லை. லேத்தின் சக்கரத்தைத் திருப்பும் கை அது. அதை மேஜைமேல் விரித்து வைத்து ஒருவன் பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்கு முறுக்குக் கம்பி.

சுனில் பாவூ நடந்ததைச் சொன்னார். அவர் பேசியது மராத்தியும் இந்தியும் கலந்து, குரல் உயராமல். போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்கென்று கோவிந்தராஜிடம் நாரைப் படம் போட்ட அமெரிக்க போர்பன் விஸ்கி சில பாட்டில் வாங்கினார். ஒரு பாட்டில் விலையில் இங்கே ஒரு குடும்பம் இரண்டு மாதம் சாப்பிடலாம். சம்பந்தி ஒரு வாய் குடித்தார், கிளாசைக் கீழே வைத்தார், யாரோ உன்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் பாவூ என்றார். சபையே சிரித்தது.

"அண்ணா, உன் நாக்கை எல்லாரும் நம்புறாங்க," என்றார் பாவூ. அந்த ஊரில் தெற்கத்தியர் எல்லாருக்கும் அதுதான் பெயர். "இது அசலா, குடுத்த விலைக்குத் தகுமா, சொல்லு. போலின்னா இவன் கை போகும். மச்சானுக்காகப் பொய் சொன்னா, இதையே வேற ஒருத்தன்கிட்டயும் காட்டுவேன். அப்புறம் ரெண்டு பேர் கையும்."

மேஜையில் பாதி தீர்ந்த பாட்டில் ஒன்று இருந்தது. ஒற்றைக் காலில் நிற்கும் நாரை. ஒருவன் கிளாசில் ஊற்றி நீட்டினான்.

ஜெகதீசன் வாங்கவில்லை. உதட்டைத் தொட்டுக் காட்டினார். வாயெல்லாம் ரத்தம், இப்போது எதைக் குடித்தாலும் இரும்புதான் தெரியும், நிற்கட்டும் என்றார். பாவூ அம்பியைத் திரும்பிப் பார்த்தார். கூட்டிக்கொண்டு வா என்றேன், வாயில் அடிக்கச் சொன்னேனா என்று கேட்டார். ஐஸ் கொண்டு வந்தார்கள். ஜெகதீசன் அதைத் துணியில் சுற்றி உதட்டில் அழுத்திக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். நாற்காலியில் கோவிந்தராஜ் அழுகையை விழுங்கிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் கேட்டது.

காத்திருந்த நேரத்தில் அவர் கண்கள் பாவூவின் தலைக்குப் பின்னால் போயின. அங்கே ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே விளக்குப் போட்டு, குடித்துத் தீர்த்த சீமைப் பாட்டில்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் முழுசாக, மூடியோடு. பாவூவின் பெருமை அது. வருகிறவன் எல்லாம் எண்ணிப் பார்த்து மலைக்க வேண்டும். ஜெகதீசனுக்கு உள்ளங்கை அரித்தது. தன் கடையாக இருந்தால் இவை எல்லாம் எப்போதோ சாக்குக்குள் போயிருக்கும். ஒரு தட்டில் நாரைகள் நின்றன. இடையே சில இடங்கள் காலி. கண்ணாடித் தட்டின் தூசியில் அங்கே மட்டும் வட்டம் வட்டமாகச் சுத்தமாக இருந்தது.

ரத்தம் நின்றது. அவர் வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்தார். வெறும் பாவ் ரொட்டி ஒரு துண்டை மென்று துப்பினார். உதட்டுக்கு வேலை வைக்காமல், முதலில் உள்ளங்கையில் சில சொட்டு விட்டுத் தேய்த்தார். காரம் பறக்கும்வரை கையை மழைக் காற்றில் நீட்டி வைத்திருந்தார். பிறகு முகத்தருகே கொண்டுபோனார்.

கருகின வெல்லம். அதற்கு மேலே பேக்கரியில் கேக்குக்கு ஊற்றும் எசென்ஸின் வாசனை. மரம் எங்கேயும் இல்லை.

போலிதான். அவர் முகத்தில் எதுவும் ஓடவில்லை. ஆனால் மேஜைமேல் விரிந்து கிடந்த வலது கையை ஒரு தடவை பார்த்தார். கோவிந்தராஜுக்கு அந்தப் பார்வை போதுமாக இருந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஜெகதீசன் பாட்டிலைக் கையில் எடுத்தார். மூடியின் தக்கையை விரலால் நெருடினார். பொலபொலவென்று உதிர்ந்தது. ஈரத்திலேயே இருந்த தக்கை இப்படி உதிராது. பல மாதம் காய்ந்து கிடந்தால்தான் உதிரும். கழுத்தின் வெளிப்பக்கம், மூடி உட்காரும் விளிம்பில் மெல்லிய தூசி வளையம். அவருக்கு அலமாரித் தூசியில் பார்த்த வட்டங்கள் ஞாபகம் வந்தன.

சீல் உடைக்காத பாட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாவூவைக் கேட்டார். அம்பி முந்திக்கொண்டு, எல்லாம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்றான். பாவூ, ஒன்று இருக்கிறது, வந்த அன்றே எனக்கென்று எடுத்து வண்டியில் வைத்தேன், எடுத்துவரச் சொல்கிறேன் என்றார். ஒருவன் மழையில் ஓடினான்.

அம்பி ஜெகதீசனுக்கு இன்னொரு கிளாஸ் கொடுக்கிறவன் போல அருகில் வந்து குனிந்தான். அவன் தமிழில் பேசினான். பாவூவுக்கு அது புரியாது.

"அண்ணே, போலின்னு சொல்லிட்டுப் போய்க்கினே இரு. அவனுக்கு நாலு விரல் போவும், உசுரு நிக்கும். வேற எதனா பேசினேன்னு வெச்சுக்கோ, பாமா அக்கா வூட்ல தனியாதான் கீது. நான் போறதுக்கு அஞ்சு நிமிசம் ஆவாது."

ஜெகதீசன் விரலில் ஒட்டியிருந்த தக்கைத் தூளைத் தட்டிவிட்டார். பையனாக இருந்த அம்பிக்குத் தான் காற்றாடி விடச் சொல்லிக்கொடுத்த சாயங்காலங்களில் ஒன்றுகூட அவனுக்கு நினைவில் இருக்காது என்று தோன்றியது. பாமா இந்நேரம் கேஸ் அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு மழைக்குத் துணி எடுத்துக்கொண்டிருப்பாள். கதவைத் தாழ் போடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

வண்டியிலிருந்த பாட்டில் வந்தது. அவரே மூடியின் சீலை உடைத்தார். தக்கை ஈரமாக, இழுக்கும்போது முனகிக்கொண்டு வந்தது. உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து, காத்திருந்தார். அந்தப் பக்கத்துச் சிங்ககட் மலையில் மழைக்கு நடுவே கரியில் சுட்டுத் தரும் மக்காச்சோளம் மாதிரி முதலில் ஒரு இனிப்பு. அடுத்து அந்தக் கரியே வந்தது. அதற்கும் கீழே, தச்சன் இழைத்துக்கொண்டிருக்கும் பலகை. பிறகு நாக்கில் ஒரு சொட்டு. பிளந்த உதடு தீயாக எரிந்தது. பொறுத்துக்கொண்டு, வாயில் சுழற்றி, துப்பினார்.

"என்ன சொன்னான் அவன்?" என்று கேட்டார் பாவூ. சரக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. அவர் கண் அம்பியின் மேல் இருந்தது.

அம்பி, சீக்கிரம் முடிக்கச் சொன்னேன் பாவூ என்றான்.

"உன்னைக் கேக்கல. அண்ணா, நீ சொல்லு."

ஜெகதீசன் இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முதலில் சரக்கைப் பற்றி மராத்தியில் சொன்னார். சீலோடு வந்தது அசல், சோளம், நல்ல மரம். திறந்திருப்பது வெல்லச் சாராயம். ஆனால் பாட்டில் அசல். ரொம்ப நாள் காலியாகக் காய்ந்து நின்ற பாட்டில், தக்கையைத் தொட்டுப் பாருங்கள் என்றார். யார் ஊற்றியது என்பது கிளாசில் தெரியாது என்றும் சொன்னார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு அறிந்தது அவ்வளவுதான்.

அதன் பிறகு, அம்பி தமிழில் சொன்னதை அவர் மராத்தியில் சொன்னார். ஒரு சொல்லைக் கூட்டவில்லை, ஒன்றையும் விடவில்லை. நாலு விரல், தனியாக இருக்கும் பாமா, அஞ்சு நிமிசம். அவர் குரல் சரக்கைப் பற்றிச் சொன்ன அதே குரலாக இருந்தது.

பாவூ தக்கையைத் தொட்டார். உதிர்ந்த தூளை விரல்களுக்கிடையே உருட்டினார். மெல்ல நாற்காலியைத் திருப்பி அலமாரியைப் பார்த்தார். தூசியில் இருந்த வட்டங்களைப் பார்த்தார். அந்த அலமாரியின் சாவி அம்பியின் இடுப்பில் தொங்கியது.

அம்பி கதவை நோக்கி ஓடினான். கூட வந்தவர்களே அவனைப் பிடித்தார்கள். அவன் ஒருவனின் முகத்தில் தலையால் முட்டினான், மூக்கு உடைந்தது. இன்னொருவன் அவனுடைய காலைத் தட்டிவிட, மேஜையில் மோவாய் அடிபட விழுந்தான். கோவிந்தராஜின் கை இருந்த இடத்தில் அவனுடைய வலது கையை விரித்துப் பிடித்தார்கள். என் காலிப் பாட்டில்களில் போலியை ஊற்றி வைத்துவிட்டு அசல் பாட்டில்களை யாருக்கு விற்றாய் என்று பாவூ கேட்டார். அம்பி சொன்னான். எத்தனை நாளாக என்று கேட்டார். அதையும் சொன்னான். என் மகளுடைய சபையில் என்று பாவூ ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல், கம்பியை எடுத்தார்.

முதல் அடியின் சத்தம் மந்தமாக, உள்ளுக்குள் அமுங்கி வந்தது. ஜெகதீசனுக்கு அந்தச் சத்தம் தெரியும். அடுத்த அடிக்கு அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் காதுக்கு மூடி இல்லை. அம்பி அம்மா என்று தமிழில் அலறினான். அந்த அறையில் அதைக் கேட்டுப் புரிந்துகொள்ள இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மற்றவன் அவிழ்க்கப்பட்டுக்கொண்டிருந்தான்.

"பாமா வூட்டுக்குப் போ," என்று ஜெகதீசன் கோவிந்தராஜிடம் சொன்னார். "தாழ் போடச் சொல்லு. அப்புறம் ஆஸ்பத்திரி."

"மாமா, நீங்க?"

"எனக்கு வேல பாக்கி கீது."

கோவிந்தராஜ் சுண்டுவிரலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழைக்குள் போனான். அம்பியை அடுத்த அறைக்கு இழுத்துப் போனார்கள். அவன் முனகல் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. பாவூவின் சட்டையில் நெஞ்சுப் பக்கம் சிவப்பாகத் தெறித்திருந்தது. அவர் கம்பியைத் துடைத்து வைத்துவிட்டு, அசல் பாட்டிலிலிருந்து தனக்கு ஊற்றிக்கொண்டார். குடித்தார்.

"ஒண்ணு பாக்கி இருக்கு அண்ணா. விலைக்குத் தகுமா?"

ஜெகதீசன் யோசித்தார். பயந்து யோசிக்கவில்லை. வாயில் மிச்சமிருந்த ருசியை ஒரு தடவை தேடிப் பார்த்தார்.

"முதல் வாய்க்குத் தகும்," என்றார். "ரெண்டாவது வாய்லயே தன்கிட்ட இருக்கிறது அத்தனையும் சொல்லி முடிச்சிடுது. இந்த விலைச் சரக்கு மூணாவது வாய்க்கும் ஏதாவது மிச்சம் வெச்சிருக்கணும். பாதி விலைன்னா குறை சொல்ல மாட்டேன். மீதிப் பாதி கண்ணாடிக்கும் நாரைக்கும்."

பாவூ அலமாரியைப் பார்த்தார்.

"அந்தப் பாதியைத்தான் நான் அங்க நிறுத்தி வெச்சிருக்கேன்," என்றார்.

ஜெகதீசன் ஒரு சாக்கு கேட்டார். பாவூ தலையசைக்க, சிமென்ட் சாக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். அம்பியின் இடுப்பிலிருந்து எடுத்த சாவியால் அலமாரியைத் திறந்து பாட்டில்களைத் தானே எடுத்தார்; நாரை, மான், கப்பல், தாடிவைத்த கிழவர்கள், எல்லாரும் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மேஜையில் இருந்த போலியை மழைநீர் ஓடும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு அதையும் போட்டார். மரச்சுத்தியல் இல்லை. கம்பியை வாங்கிக்கொண்டார். அதன் நுனியில் துடைபடாமல் இருந்த ஈரத்தைச் சாக்கிலேயே துடைத்தார். இடது கை வாயை முறுக்கிப் பிடிக்க, வலது கை இறங்கியது. முதலில் தோள். பிறகு கழுத்து. அடுத்த அறையில் முனகல் ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்று தொடர்ந்தது. உதடு மறுபடி பிளந்து ரத்தம் மோவாயில் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. சாக்கைத் தடவினார். ஓர் உருண்டை தட்டுப்பட்டது. அதையும் உடைத்தார். இன்னொரு தடவை, விளிம்பு விளிம்பாக, பொறுமையாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் மணலாக நெகிழ்ந்தது.

வாயைச் சணலால் இறுக்கிக் கட்டினார். எழுந்து, சாக்கைத் தூக்கி, சுனில் பாவூவின் இரண்டு கைகளிலும் வைத்தார்.